என் பெயரில் வந்த வைரஸ் மடல்களை நான் அனுப்பவில்லை

வாசகர் ஒருவர் எழுதியது
20 ஆகஸ்ட் 2003, இரவு 9.10

ஐயா, நேற்றிலிருந்து உங்கள் முகவரியிலிருந்து எனக்கு ஏழு மடல்கள் வந்துவிட்டன. ஏழிலும் வைரஸ் இருப்பதாக எங்கள் அலுவலகப் பாதுகாப்பு நிரல் சொல்கிறது. உங்கள் இதழுக்கு எழுதும் வேறு இருவருக்கும் இப்படியே வந்திருக்கிறது. கணினியைச் சுத்தம் செய்து முடிக்கும் வரை தயவுசெய்து இணையத்தில் இணையாதீர்கள். இது உங்கள் பொறுப்பு இல்லையா?

இதழாசிரியர் எழுதிய மறுமொழி
20 ஆகஸ்ட் 2003, இரவு 11.40

அந்த மடல்களை நான் அனுப்பவில்லை. ஞாயிறு இரவு முதல் செவ்வாய் மாலை வரை என் வீட்டுத் தொலைபேசி வேலையே செய்யவில்லை. தொலைபேசி இல்லாமல் எனக்கு இணையம் இல்லை. நீங்கள் குறிப்பிடும் ஏழு மடல்களில் நான்கு செவ்வாய் பகலில் வந்திருக்கின்றன. இணைப்பு வந்தவுடன் தடுப்பு நிரலைப் புதுப்பித்து முழு வட்டையும் சோதித்துவிட்டேன், எதுவும் அகப்படவில்லை.

இப்போது உலகம் முழுவதும் பரவிக்கொண்டிருப்பது சோபிக்-எஃப் என்னும் புழு, அதாவது தன்னைத்தானே படியெடுத்து அனுப்பிப் பரவும் ஒருவகை வைரஸ். அது நுழைந்த கணினியில் முகவரி ஏட்டை மட்டும் பார்ப்பதில்லை. சேமித்து வைத்த பழைய மடல்கள், பார்த்து முடித்த வலைப்பக்கங்கள், சாதாரண உரைக் கோப்புகள் என எல்லாவற்றையும் துழாவி, அங்கே அகப்படும் முகவரிகளையெல்லாம் திரட்டிக்கொள்கிறது. பிறகு அவற்றில் ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் போட்டு, தன்னிடமே உள்ள அஞ்சல் எந்திரத்தின் வழியாக அனுப்புகிறது. ஆகவே உங்கள் முகவரியையும் என் முகவரியையும் ஒருசேர வைத்திருக்கும் மூன்றாவது ஆள் ஒருவருடைய கணினியில்தான் புழு இருக்கிறது. அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அவர் பெயரில் ஒரு மடலும் போகவில்லை.

தபால் உறையின் மூலையில் அனுப்புநர் என்று எவர் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்க மாட்டார். மின்னஞ்சலிலும் அந்த வரி அப்படித்தான். உறையில் நம்பத்தக்கது அஞ்சல் நிலையத்தின் முத்திரை. அதற்கு இணையானது, மடலின் முழுத் தலைப்பகுதியில் ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகள். அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். உங்களுக்கு வந்த ஏழில் ஒன்றின் தலைப்பகுதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். இணைப்புக் கோப்பைத் தொடாதீர்கள்.

21 ஆகஸ்ட் 2003

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த மடல்களின் தலைப்பகுதியில் ‘மெயில்ஸ்கேனர்: சோதிக்கப்பட்டது, தூய்மையானது’ என்னும் பொருளில் ஆங்கில வரி ஒன்று இருக்கும். அதைப் புழுவே எழுதுகிறது. ஏதோ ஒரு காவல் நிரல் தந்த சான்று என்று நம்பிவிட வேண்டாம்.

22 ஆகஸ்ட் 2003, காலை

நிலைமை முற்றிவிட்டது. நேற்று மாலை தொடங்கி இன்று காலை வரை 63 மடல்கள். அவற்றில் எனக்கு உரியவை நான்கு.

எண்ணிக்கை பெரிதில்லை என்று அலுவலகத்தில் அகன்ற இணைப்பு வைத்திருப்பவர்களுக்குத் தோன்றலாம். புழுவின் கோப்பு ஏறத்தாழ 72 கிலோபைட். மின்னஞ்சலில் எந்தக் கோப்பும் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்வதால், மூன்று பங்கு நான்கு பங்காகப் பெருகிவிடும். மடல் ஒன்று நூறு கிலோபைட் ஆகிறது. என் மோடம் நல்ல நாளில் நொடிக்கு நான்கு கிலோபைட் இறக்கும். ஒரு மடலுக்கு 25 நொடி. ஐம்பது மடல்களுக்கு இருபது நிமிடங்களுக்கு மேல், அதுவும் நடுவில் இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால். தொலைபேசிக் கட்டணம் வேறு ஓடுகிறது. அஞ்சல்பெட்டியின் கொள்ளளவோ ஆறு மெகாபைட்தான். ஏறக்குறைய அறுபது புழு மடல்கள் வந்தால் அது நிரம்பிவிடும். அதற்குப் பின் வருபவை எனக்குத் தெரியாமலேயே திரும்பிப் போய்விடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மடல்களை இறக்குவதற்கு முன்பே, அஞ்சல் வழங்கியில் (சர்வரில்) இருக்கும்போதே, தலைப்பகுதியை மட்டும் வாங்கிப் பார்க்க வழி இருக்கிறது. மடல்களை இறக்கப் பயன்படும் பாப்-3 நெறிமுறையில் ‘டாப்’ என்றொரு கட்டளை. தலைப்பகுதியையும் மடலின் முதல் சில வரிகளையும் மட்டும் அது தரும். இதைத் திரையில் பட்டியலாகக் காட்டும் சிறு நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அளவு, அனுப்புநர், பொருள் ஆகிய மூன்றையும் பார்த்து வேண்டாதவற்றை வழங்கியிலேயே அழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் இறக்கலாம். 63 மடல்களின் பட்டியல் எனக்கு ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது.

என் நிரலில் ‘திருப்பி அனுப்பு’ என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால், அப்படி ஒரு முகவரியே இல்லை என்பதுபோல் மறுமொழி போகும். அனுப்பியவர் நம்மைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார். அதையும் பயன்படுத்துங்கள்.

23 ஆகஸ்ட் 2003

நேற்றைய குறிப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பொத்தானை யாரும் அழுத்த வேண்டாம்.

அனுப்புநர் பெயர் பொய் என்று மூன்று நாள்களுக்கு முன் நானே எழுதினேன். அந்தப் பொய்ப் பெயருக்குத்தான் நேற்று 59 மறுமொழிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவை புழுவை எட்டவில்லை. என்னைப் போலவே பெயர் திருடப்பட்ட 59 பேரின் பெட்டிகளில் போய் விழுந்தன. இன்று காலை அவர்களுள் ஓர் அம்மையார், இலங்கையிலிருந்து எழுதுகிறவர், “நீங்கள் யார், உங்களுக்கு நான் என்ன அனுப்பினேன்” என்று கேட்டு எழுதியிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மற்ற 58 பேர் யாரென்று தெரியாது.

பெரிய அலுவலகங்களின் தடுப்பு நிரல்களும் இதே தவற்றைத்தான் செய்கின்றன. வைரஸைப் பிடித்தவுடன், அனுப்புநர் என்று காணும் முகவரிக்கு ‘உங்கள் மடலில் வைரஸ் இருந்தது’ என்று எச்சரிக்கை அனுப்புகின்றன. எனக்கு இன்று வந்த மடல்களில் மூன்றில் ஒன்று இத்தகைய எச்சரிக்கை. அனுப்புநர் வரியைப் பொய்யாக எழுதும் வைரஸ் இது என்று அந்த நிரல்களுக்குத் தெரியும். வைரஸின் பெயரைக்கூடச் சரியாகக் குறிப்பிடுகின்றன. பிறகும் அனுப்புகின்றன. உங்கள் அலுவலகத்தில் இந்த அமைப்பை நிறுத்தும் அதிகாரம் உள்ளவரிடம் ஒரு சொல் சொல்லுங்கள்.

நேற்று நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்கு, புழு நுழைந்த கணினிகள் எல்லாம் இருபது குறிப்பிட்ட கணினிகளைத் தொடர்புகொண்டு அடுத்த கட்டளையைக் கேட்க வேண்டும் என்று அதற்குள் எழுதப்பட்டிருந்ததாம். அவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே கண்டுபிடித்து இணையத்திலிருந்து துண்டித்துவிட்டார்கள். செய்தியைப் படித்த பிறகுதான் உறங்கப் போனேன்.

26 ஆகஸ்ட் 2003

இதை எழுத மனம் வரவில்லை. ஆனால் பெட்டி நிரம்புவதால் என்ன நேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

எங்கள் காலாண்டிதழுக்குப் பல ஆண்டுகளாக எழுதிவரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. காவிரிக் கரை ஊர்களில் வழங்கும் வேளாண்மைச் சொற்களைப் பற்றிய கட்டுரையைத் தம் பேரனின் உதவியோடு தட்டச்சு செய்து, 21ஆம் தேதி இரவு அனுப்பியிருக்கிறார். என் பெட்டி அப்போது நிரம்பியிருந்தது. மடல் திரும்பிப் போயிற்று. ‘பெறுநரின் பெட்டியில் இடமில்லை, ஏற்க இயலாது’ என்ற ஆங்கில வாசகத்தைப் பேரன் பாதி படித்து, “ஏற்க மாட்டார்களாம் தாத்தா” என்று சொல்லியிருக்கிறான். பெரியவர் அதை என்னுடைய முடிவாக எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. நேற்று வேறு ஒரு நண்பர், “அவருடைய கட்டுரையை ஏன் மறுத்தீர்கள்” என்று தொலைபேசியில் கேட்ட பிறகே எனக்குத் தெரிந்தது.

இன்று காலை பேருந்து ஏறி அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார். ஆனால் நான்கு நாள்கள் அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை. கட்டுரையைக் கையெழுத்துப் படியாகவே வாங்கி வந்தேன்.

நேற்றிலிருந்து காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் பெட்டியைக் காலி செய்கிறேன். எனக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் இரண்டு நாள்களுக்குள் என் மறுமொழி வராவிட்டால் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். உங்களுடைய எந்தக் கட்டுரையையும் நான் ஆங்கிலத்தில் மறுக்க மாட்டேன்.

29 ஆகஸ்ட் 2003

வடிகட்டும் விதி எழுதுவது பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். புழு மடல்களின் பொருள் வரி ஏறத்தாழ பத்து வகைக்குள் அடங்கிவிடும்: ‘தாங்க் யூ’, ‘யுவர் டீடெய்ல்ஸ்’, ‘ரீ: அப்ரூவ்ட்’, ‘ரீ: டீடெய்ல்ஸ்’, ‘ரீ: தட் மூவி’ போன்றவை. இவற்றை எழுதிவைத்து, இந்தப் பொருளோடு வருவதையெல்லாம் தானாக அழிக்கும்படி விதி அமைத்தேன்.

30 ஆகஸ்ட் 2003

அது தவறான விதி. அச்சகத்தார் தாளின் விலை பற்றி நான் கேட்டதற்கு அனுப்பிய மறுமொழி ‘ரீ: டீடெய்ல்ஸ்’ என்ற பொருளோடு வந்து, விதியின்படி அழிந்துவிட்டது. பொருள் வரி எல்லாரும் புழங்கும் சொற்களால் ஆனது; அதனால்தான் புழுவை எழுதியவனும் அவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

பார்க்க வேண்டியது இணைப்புக் கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டை. திறந்தவுடன் நிரலாக இயங்கும் பிஐஎஃப், எஸ்சிஆர் ஆகிய இரண்டு பின்னொட்டுகளோடு எனக்கு மடல் அனுப்ப உலகத்தில் எவருக்கும் நேர்மையான காரணம் கிடையாது. பாட், காம், எக்ஸ்இ, விபிஎஸ் ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டேன். இதழுக்கு வேண்டியவை உரைக் கோப்பும் படமும் மட்டுமே. அழிக்கும் விதியையும் மாற்றி, தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் விதியாக்கிவிட்டேன். நாள்தோறும் அந்தக் கோப்புறையை ஒருமுறை கண்ணோட்டிய பிறகே காலி செய்கிறேன்.

விண்டோஸ் தானாகவே பின்னொட்டை மறைத்துவைக்கும் வழக்கம் உடையது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ மடலின் கோப்பு, டிஎக்ஸ்டி என்ற உரைக் கோப்பைப் போலக் காட்சியளித்தது. உண்மையான பின்னொட்டாகிய விபிஎஸ் அதற்குப் பின்னால் மறைந்திருந்தது. கோப்புறை அமைப்புகளில், தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை மறைக்கச் சொல்லும் குறியை எடுத்துவிடுங்கள். கணினி வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

3 செப்டம்பர் 2003

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்.

வாசகர் அனுப்பிய தலைப்பகுதியையும் எனக்கு வந்த பதினெட்டு மடல்களின் தலைப்பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடியிலுள்ள ‘ரிசீவ்ட்’ வரியில், அனுப்பிய கணினி தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறது. பதினெட்டில் பதினான்கு மடல்களில் அந்தப் பெயர் ஒன்றே. நம் மின்மடல் குழுவில் உள்ள நண்பர் ஒருவர் சாதாரணமாக அனுப்பும் மடல்களிலும் அதே பெயர்தான் இருக்கிறது. எல்லாரும் பார்க்கும்படி குழுவிலேயே அவர் பெயரைச் சொல்லி, கணினியை அணைத்து வைக்கும்படி எழுதிவிட்டேன்.

5 செப்டம்பர் 2003

அப்படிப் பொதுவில் எழுதியிருக்கக் கூடாது. முதல் நாள் வாசகர் என்னிடம் எதைச் செய்தாரோ அதையே நான் நண்பரிடம் செய்தேன். அவர் பொய்யாகக் குற்றம்சாட்டப்படவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. அதனால் அவருடைய வருத்தம் குறைந்துவிடாது.

நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கணினியில் புழு இருந்தது. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு மறுமொழி வந்திருப்பதாக நினைத்து ‘ரீ: யுவர் அப்ளிகேஷன்’ என்ற மடலைத் திறந்திருக்கிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் திறந்திருப்பேன். புழுவை நீக்கும் சிறு நிரலை நெகிழ்தட்டில் (ஃபிளாப்பியில்) எடுத்துப் போயிருந்தேன். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. காபி கொடுத்தார்கள். ஆனால் அவர் அதிகம் பேசவில்லை.

கணினியின் பெயர் ஒத்துப்போனதையே முடிந்த சான்றாக நான் எடுத்துக்கொண்டதும் சரியில்லை. கடையில் கணினி பூட்டிக் கொடுப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிடுவது உண்டு. தொலைபேசி வழி இணைகிறவர்களுக்கு எண் முகவரியும் (ஐபி) இணைப்புக்கு இணைப்பு மாறும். பெயர், எண் முகவரி, நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் ஐயப்படலாம். ஐயப்பட்டால் அவருக்கு மட்டும் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

11 செப்டம்பர் 2003

நேற்றோடு சோபிக்-எஃப் தானே நின்றுவிட வேண்டும் என்று அதை எழுதியவனே நாள் குறித்திருந்தான். இன்று காலை மூன்று. நேற்று நாற்பத்தொன்று.

15 செப்டம்பர் 2003

இன்னும் நாளுக்கு ஒன்றிரண்டு வருகின்றன. புழு தான் புகுந்திருக்கும் கணினியின் நாள்காட்டியைப் பார்த்துத்தான் நிற்கிறது. அந்தக் கணினியில் தேதி தவறாக இருந்தால் அதற்குச் செப்டம்பர் 10 வரவே வராது. உள்ளிருக்கும் மின்கலம் தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பழைய ஆண்டுக்குப் போய்விடும் கணினிகள் நம் ஊரில் நிறைய உண்டு.

20 செப்டம்பர் 2003

ஒரு வாரம்கூட ஓய்வு கிடைக்கவில்லை. 18ஆம் தேதியிலிருந்து ஸ்வென் என்று ஒரு புழு வருகிறது. என் பார்வையில் இது முந்தையதைவிடக் கொடியது, ஏனென்றால் இது நம் அச்சத்தையே வாயிலாக்கிக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் அனுப்பிய பாதுகாப்புத் திருத்தம் போல, நிறுவனத்தின் சின்னம், கட்டம் போட்ட விளக்கம், ‘செப்டம்பர் 2003, ஒருங்கிணைந்த திருத்தம்’ என்ற தலைப்பு ஆகியவற்றோடு நேர்த்தியாக வருகிறது. சென்ற மாதம் பட்ட பாட்டில், “திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுங்கள்” என்று நானே எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அந்த அறிவுரையைக் கேட்டவர்கள்தாம் இப்போது இதைத் திறப்பார்கள். ஆகவே அழுத்தமாகச் சொல்கிறேன்: மைக்ரோசாஃப்ட் எந்தத் திருத்தத்தையும் மடலோடு இணைத்து அனுப்புவதில்லை. நாமாக அவர்களுடைய தளத்துக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

இதே புழு, ‘உங்கள் மடல் சேரவில்லை’ என்ற அறிவிப்பின் வேடத்திலும் வருகிறது. 26 ஆகஸ்ட் குறிப்பைப் படித்தவர்களுக்கு, நான் ஏன் அதைத் திறந்து பார்க்கத் துடித்தேன் என்பது புரியும். யாருடைய கட்டுரையோ திரும்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கோப்பின் அளவைப் பார்த்து நின்றுவிட்டேன்: சரியாக 1,06,496 பைட். இன்று வந்த முப்பத்திரண்டிலும் அதே அளவு. உடை எதுவானாலும் எடை மாறவில்லை. நூறு கிலோபைட்டுக்கு மேல் இருக்கும் மடலை இறக்காமல் நிறுத்தி வை என்று இன்று ஒரே ஒரு விதி எழுதினேன், முழுவதும் அடங்கிவிட்டது. படம் அனுப்புகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வரி எழுதுங்கள்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் 5.01, 5.5 பதிப்புகளை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவற்றில் உள்ள ஓட்டை ஒன்றினால், மடலை முன்னோட்டக் கட்டத்தில் பார்த்தாலே கோப்பு இயங்கிவிடும், சொடுக்க வேண்டியதில்லை. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2001 மார்ச்சிலேயே வெளிவந்தது. இரண்டரை ஆண்டுகளாக அதை நிறுவாத கணினிகளை நம்பித்தான் இந்தப் புழு வாழ்கிறது. தொலைபேசி இணைப்பில் இத்தனை பெரிய கோப்பை இறக்க முடியாமல்தான் பலர் விட்டிருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். கணினி இதழ்களோடு வரும் குறுந்தகடுகளில் புதிய பதிப்பு கிடைக்கும். என்னிடம் ஒன்று இருக்கிறது. தஞ்சாவூரில் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

21 செப்டம்பர் 2003

ஸ்வென் என் முகவரியை எங்கே பிடித்தது என்று ஒருவர் கேட்டார். அது கணினிக் கோப்புகளில் மட்டுமல்லாமல் யூஸ்நெட் என்னும் இணைய விவாதக் களத்தின் செய்திக் குழுக்களிலும் முகவரி பொறுக்குகிறது. தமிழ் எழுத்துருக்கள் பற்றி அங்கே சில ஆண்டுகளுக்கு முன் என் உண்மையான முகவரியோடு நிறைய எழுதியிருக்கிறேன். இனி அதை மாற்ற முடியாது. பொதுவெளியில் எழுதுவதற்கென்று தனி முகவரி ஒன்றை இன்று தொடங்கினேன்.

12 அக்டோபர் 2003

வைரஸ் மடல்கள் தணிந்திருக்கின்றன. இப்போது மிஞ்சியிருப்பது கடன், மருந்து, பட்டச் சான்றிதழ் விற்கும் எரிதங்கள், அதாவது கேட்காமலே வரும் விளம்பர மடல்கள். இவற்றில் இணைப்புக் கோப்பு இல்லை, அளவும் சிறியது. ஆகவே மேலே சொன்ன விதிகள் எதற்கும் இவை சிக்குவதில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் பால் கிரஹாம் என்னும் நிரலாளர் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற முறை ஒன்று உண்டு. நாம் குப்பை என்றும் நல்லது என்றும் பிரித்துக் காட்டும் மடல்களிலிருந்து, எந்தச் சொல் எந்தப் பக்கம் எத்தனை முறை வருகிறது என்று நிரல் எண்ணிக்கொள்ளும். புதிய மடல் வந்தால் அதிலுள்ள சொற்களின் நிகழ்தகவைச் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லும். இந்த ஆண்டு மார்ச்சில் வெளியான மொசில்லா 1.3 என்னும் உலாவித் தொகுப்பு இதைத் தன் அஞ்சல் பகுதியிலேயே கொண்டிருக்கிறது. நான் செப்டம்பர் கடைசியில் அதற்கு மாறினேன்.

ஆங்கில மடல்களை இரண்டு வாரத்தில் அருமையாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டது. தமிழ் மடல்களில் தடுமாறுகிறது. காரணம் நம் மொழியின் இயல்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும். நமக்குக் கட்டுரை, கட்டுரையை, கட்டுரைக்கு, கட்டுரையில், கட்டுரையாளர் என்று ஒவ்வொன்றும் நிரலின் கண்ணுக்கு வெவ்வேறு சொல். ஒருமுறை பார்த்த வடிவம் மறுபடி வரவே மாதங்கள் ஆகும். போதாக்குறைக்கு, பாதிப் பேர் திஸ்கி என்னும் குறியேற்றத்திலும் (எழுத்துகளுக்கு எண் தரும் முறை) மீதிப் பேர் யூனிகோடிலும் எழுதுவதால், ஒரே சொல்லுக்கு இரண்டு உருவங்கள்.

28 அக்டோபர் 2003

தீபாவளி வாழ்த்துகளில் பதினொன்று குப்பைக் கோப்புறையில் கிடந்தன. எல்லாம் ஆங்கிலத்தில், வண்ணப் படங்களோடு, ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது பேருக்கு அனுப்பப்பட்டவை. நிரலைக் குறை சொல்ல மாட்டேன். இனிமேல் எனக்குத் தமிழில் இரண்டு வரி தனியாக எழுதுங்கள், அது போதும்.

பெறுநர் பட்டியலில் ஐம்பது முகவரிகளையும் எல்லாரும் பார்க்கும்படி போடும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்த ஐம்பது பேரில் ஒருவருடைய கணினியில் புழு நுழைந்தால் மற்ற நாற்பத்தொன்பது பேரும் அதன் கையில். மறைபடி (பிசிசி) என்ற கட்டத்தில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

9 நவம்பர் 2003

12 அக்டோபர் குறிப்பில் தமிழின் இயல்பு தடையாக இருப்பதாக எழுதினேன். ஒரு மாதம் தொடர்ந்து பழக்கிய பிறகு, அது பாதி உண்மைதான் என்று தெரிகிறது. வடிவங்கள் பலவாகச் சிதறுவது உண்மை. ஆனால் சிதறாத சொற்களும் உண்டு: வணக்கம், அன்புள்ள, ஐயா, நன்றி. இவற்றை எரிதம் அனுப்புகிற எவனும் எழுதுவதில்லை. என் நிரலின் கணக்கில் இன்று ‘வணக்கம்’ என்னும் சொல்லே நல்ல மடலுக்கு மிக வலுவான அடையாளம். சென்ற இரண்டு வாரங்களில் வணக்கத்தோடு தொடங்கிய மடல் ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை. குறியேற்றம் வேறுபட்டாலும் இரண்டு உருவங்களையும் அது கற்றுக்கொண்டுவிட்டது.

கட்டுரையாளர்கள் இணைப்பை மட்டும் அனுப்பாமல், மடலின் உடலில் வணக்கம் சொல்லி, கட்டுரையின் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் எழுதுங்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து, வந்த கோப்பு முழுமையானதா என்பதையும் என்னால் அறிய முடியும்.

சோபிக்கை எழுதியவனைப் பிடிக்க உதவும் தகவலுக்கு இரண்டரை லட்சம் டாலர் பரிசு தருவதாக மைக்ரோசாஃப்ட் இந்த வாரம் அறிவித்திருக்கிறது.

19 டிசம்பர் 2003

அமெரிக்காவில் எரிதங்களுக்கு எதிரான சட்டத்தில் 16ஆம் தேதி அந்நாட்டு அதிபர் கையெழுத்திட்டார். ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் முன் இசைவு பெறாமல் விளம்பரம் அனுப்புவதை அது தடுக்கவில்லை. பொய்யான அனுப்புநர் பெயரும் ஏமாற்றும் பொருள் வரியும் கூடாது, விலகிக்கொள்ள வழி தர வேண்டும் என்கிறது. முதலிரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். மூன்றாவதுதான் கவலை தருகிறது. முகம் தெரியாத எரிதக்காரனிடம் ‘விலகுகிறேன்’ என்று எழுதினால், இந்த முகவரியில் படிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அவனுக்கு நாமே உறுதிசெய்துவிடுகிறோம். நாமாகப் பதிவு செய்த இடமென்றால் விலகல் இணைப்பைச் சொடுக்கலாம், இல்லையென்றால் தொடக்கூடாது.

நம் நாட்டில், 2003 நிலவரப்படி, 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு வைரஸைப் புகுத்துவோர் ஒரு கோடி ரூபாய் வரை இழப்பீடு தர வேண்டும் என்கிறது. எரிதத்துக்கென்று தனிப் பிரிவு அதில் கிடையாது.

28 ஜனவரி 2004

அவசரம். நேற்றுக் காலையிலிருந்து வரும் மைடூம் என்னும் புழு நம்மைப் போன்றவர்களைக் குறிப்பாக ஏமாற்றக்கூடியது.

அதன் மடல்களில் ஒரு வகை, ‘இம்மடலில் யூனிகோட் எழுத்துகள் இருப்பதால் இணைப்பாக அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. உலகத்தில் மற்றவர்களுக்கு இது பொருளற்ற தொழில்நுட்ப வாசகம். நமக்கோ நாள்தோறும் நடக்கிற தொல்லை. கட்டம் கட்டமாகத் தெரிகிறது, கேள்விக்குறியாக வருகிறது, இணைப்பாக அனுப்புங்கள் என்று இரண்டு ஆண்டுகளாக நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருக்கிறோம். நேற்று அந்த வரியைப் படித்தவுடன், யாரோ தமிழில் எழுதியதை வழங்கி மாற்றி அனுப்பியிருக்கிறது என்று உண்மையாகவே நம்பி, கோப்பின் மீது சுட்டியைக் கொண்டுபோய்விட்டேன். உரைக் கோப்பின் படம்தான் அதற்கும் இருந்தது. பின்னொட்டை மறைக்காமல் வைத்திருந்ததால் எஸ்சிஆர் என்பது கண்ணில் பட்டது. இத்தனை மாதம் இதைப் பற்றியே எழுதிவரும் எனக்கே இப்படி என்றால், மற்றவர்களை நினைத்து அஞ்சுகிறேன்.

அளவை வைத்துத் தடுக்கும் விதி இதற்கு உதவாது. கோப்பு 22,528 பைட்தான். சுருக்கிய ஜிப் கோப்பாகவும் வருவதால் 30 ஆகஸ்ட் பட்டியலும் போதாது. பின்வருவதை மட்டும் கடைப்பிடியுங்கள்: தமிழ் மடல் சரியாகத் தெரியவில்லை என்றால் இணைப்பைத் திறக்காதீர்கள், குறியேற்றத்தை மாற்றிப் பாருங்கள், அப்போதும் தெரியாவிட்டால் அனுப்பியவரைத் தொலைபேசியில் கேளுங்கள். உண்மையான வழங்கி எதுவும் யூனிகோடைக் காரணம் காட்டி மடலை எஸ்சிஆர் கோப்பாக மாற்றுவதில்லை.

இந்தக் குறிப்பைப் படியெடுத்துப் பெரியவருடைய பேரனுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

29 ஜனவரி 2004

முதல் நாள் என்னைக் கேள்வி கேட்ட வாசகர் இன்று எழுதியிருக்கிறார். அவருடைய முகவரியிலிருந்து வைரஸ் வருவதாக ஐந்து பேர் அவரைக் கடிந்துகொண்டார்களாம். 20 ஆகஸ்ட் குறிப்பை அப்படியே அவர்களுக்கு அனுப்ப இசைவு கேட்டார். தாராளமாக அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

14 பிப்ரவரி 2004

மைடூமுக்கு அதை எழுதியவன் குறித்த இறுதி நாள் 12. நேற்று ஒன்பது வந்தன, இன்று காலை நான்கு. தேதி தவறிய கணினிகள் என்று நினைக்கிறேன்.

இன்று மொத்தம் 26 மடல்கள். தடுப்பு விதியில் நான்கு, குப்பைக் கோப்புறையில் பதினைந்து, பெட்டியில் ஏழு. குப்பையை ஒருமுறை பார்த்தேன். நல்லது எதுவும் அதில் இல்லை. ஏழில் ஒன்று பெரியவருடையது. ஏற்றம், கவலை, சால் என்னும் நீர் இறைக்கும் கருவிகள் பற்றிய இரண்டாம் கட்டுரை. பதினான்கு பக்கம் என்று மேலே எழுதியிருந்தார், பதினான்கும் இருந்தன. கிடைத்தது என்று உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். சித்திரை இதழில் வருகிறது.